கூழ்மரம் நடும் முன் ஓடையோர மூலையைத் தொடாதீர்கள்

கேள்வி: ஐயா, எனக்கு ஒன்பது ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. ஓடையை ஒட்டிய ஒரு மூலையில், ஒன்றரை ஏக்கர் அளவுக்கு, தலைமுறையாக யாரும் தொடாத மரங்களும் புதருமாக நிற்கின்றன. அதையும் வெட்டி எரித்துவிட்டு, முழு நிலத்திலும் காகித ஆலைக்குக் கூழ்மரமாக, குளோன் தைலமரம் (ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த ஒரே மாதிரிக் கன்றுகள்) நட நினைக்கிறேன். சுற்றுச்சூழல் சான்று வாங்கினால் மரத்துக்குக் கூடுதல் விலை கிடைக்கும், கார்பன் கிரெடிட்டில், அதாவது மரம் காற்றிலிருந்து பிடித்துவைக்கும் கார்பனுக்கான கணக்கை விற்று, ஆண்டுதோறும் பணம் வரும் என்று ஒரு முகவர் சொல்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் அவசரப்படுத்துகிறார். செய்யலாமா?

பதில்: கையெழுத்து பிறகு இருக்கட்டும். முதலில் அந்த மூலையில் அரிவாள் வைக்காதீர்கள். முகவர் சொல்லும் இரண்டு வருமானத்துக்கும் வாசல் அங்கேதான் இருக்கிறது. வெட்டிய மறுநாள் அது மூடிவிடும். பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் எளிதில் திறக்காது.

காரணத்தைச் சொல்கிறேன். உலக அளவில் மரத்துக்குச் சான்று தரும் அமைப்புகளில் முக்கியமான ஒன்று எஃப்.எஸ்.சி. (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்); 1993-இல் தொடங்கியது. இயற்கைக் காட்டை அழித்து உண்டாக்கிய தோப்புக்குச் சான்று இல்லை என்பது அதன் அடிப்படை விதி. 1994-க்குப் பிறகு அழித்திருந்தால் சான்று கிடையாது என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2023-இல் அதைச் சற்றே தளர்த்தி, இடைப்பட்ட காலத்தில் அழித்தவர்கள் அதற்கு ஈடுசெய்தால் பரிசீலிக்கலாம் என்றார்கள். ஆனால் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அழித்த நிலத்துக்கு இந்தச் சலுகை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடைச் சட்டமும் அதே தேதியைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. எல்லைத் தேதி மட்டும் நகரவில்லை. ஐரோப்பாவில் விற்கும் மரம், மரக்கூழ், காகிதம் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும்.

‘ஒன்றரை ஏக்கர் புதர் எப்படிக் காடாகும்?’ என்று கேட்பீர்கள். அந்தச் சட்டத்தின் கணக்கில் காடு என்பது அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்கள், பத்து சதவீதத்துக்கு மேல் நிழல் விரிப்பு. உங்கள் ஒன்றரை ஏக்கர் ஏறத்தாழ 0.6 ஹெக்டேர். ஆகவே பரப்பளவில் எல்லையைத் தாண்டிவிட்டது. மரங்கள் மூன்று ஆள் உயரத்தைக் கடந்து, கிளைகள் ஆங்காங்கே நிழல் விரித்து நின்றால் அது காடுதான். ஆலையின் கொள்முதல் அலுவலர் உங்கள் ஊருக்கு வந்து பார்க்கவும் தேவையில்லை. பழைய செயற்கைக்கோள் படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால், காணாமல் போன பச்சைத் திட்டு தெரிந்துவிடும்.

இந்த வணிகம் ஏன் இப்படித் திரும்பியது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் பலம் எது என்பதும் விளங்கும். காகித ஆலை என்றாலே கறுத்த ஆறும் நாற்றமும் என்று இருந்த காலம் உண்டு. 1980-களில் குளோரின் கொண்டு கூழை வெளுக்கும் ஆலைகளின் கழிவுநீரில் டையாக்சின் என்ற நச்சு கண்டறியப்பட்ட பிறகு, பல ஆலைகள் குளோரின் வாயுவைக் கைவிட்டன. மரத்தைக் கூழாக்கும்போது அதன் உலர் எடையில் பாதியளவே நாராகக் கிடைக்கிறது. மற்ற பாதி கரைந்து கருஞ்சாறாகிவிடுகிறது. அந்தச் சாற்றைக் கொதிகலனில் எரித்து, நீராவியும் மின்சாரமும் எடுத்து, கூழாக்கும் இரசாயனத்தையும் மீட்கிறார்கள். பழைய காகிதத்தை மறுசுழற்சி செய்தாலும் நார் ஒவ்வொரு சுற்றிலும் குறுகிப்போகும். ஐந்து முதல் ஏழு சுற்றுவரைதான் தாங்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அதனால் புது நார் எப்போதும் வேண்டியிருக்கிறது. நெகிழியை விட்டு அட்டைப் பெட்டிக்கு மாறும் நிறுவனங்களுக்கும், மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் துணி செய்கிறவர்களுக்கும் அதே புது நார்தான் தேவை.

புகைபோக்கிக்கு வடிகட்டி வைக்கவும் கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் ஆலைக்குப் பணம் இருந்தால் போதும். உங்கள் நிலத்தின் கடந்த காலத்தை அதனால் எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. ‘இந்த மரம் காட்டை அழிக்காமல் வந்தது’ என்று ஆலை தன் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டுமானால், உங்களைப் போன்ற விவசாயி எழுதிவைத்த பதிவேட்டைத்தான் அது நம்பியிருக்கிறது. ஆகவே மரத்தோடு நீங்கள் விற்கப்போவது இந்தக் கணக்கையும்தான்.

கன்று வாங்குவதற்கு முன்பே ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் நிலத்தின் வரைபடம். ஓடை, மூலைக் காடு, கிணறு, பாதை எல்லாம் கையால் வரைந்தால் போதும். கைப்பேசியில் நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்து எழுதுங்கள். ஐரோப்பியச் சட்டப்படி நான்கு ஹெக்டேருக்குள், அதாவது ஏறத்தாழ பத்து ஏக்கருக்குள் இருந்தால் ஒரே ஒரு புள்ளி போதும்; அதற்கு மேல் போனால்தான் எல்லை முழுவதையும் அளந்து தர வேண்டும். உங்கள் ஒன்பது ஏக்கர் அதற்குள் வருகிறது. அடுத்தடுத்த பக்கங்களில் கன்று வாங்கிய ரசீது, குளோன் எண், நட்ட தேதி, இட்ட உரம், அடித்த மருந்தின் பெயரும் அளவும், வேலைக்கு வந்தவர்கள், கொடுத்த கூலி ஆகியவை. மருந்தில் கவனம் வேண்டும். கடையில் தாராளமாகக் கிடைக்கும் சில பூச்சிக்கொல்லிகள் சான்று அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கும். ஒருமுறை அடித்தாலும் தணிக்கையில் சிக்கல் வரும்.

ஒன்பது ஏக்கருக்குத் தனியாகச் சான்று எடுக்கப் போகாதீர்கள். தணிக்கைச் செலவே வருமானத்தை விழுங்கிவிடும். சிறு விவசாயிகளுக்கென்றே குழுச் சான்று இருக்கிறது. உற்பத்தியாளர் குழுவோ ஆலையோ ஒருங்கிணைப்பாளராக இருக்கும். பலருக்கும் சேர்த்து ஒரே சான்று. தணிக்கையாளர் எல்லோருடைய நிலத்தையும் பார்ப்பதில்லை. சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பார். ஒருவர் செய்யும் தவறு மற்றவர்களையும் பாதிக்கும் என்பதால் யாரோடு சேர்கிறோம் என்று பார்த்துச் சேருங்கள். இன்னொன்று: சான்று விலையை நிர்ணயிப்பதில்லை. கூடுதல் விலை உண்டா, எவ்வளவு என்பதெல்லாம் ஆலையோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எழுத்தில் இல்லாத கூடுதல் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கூடுதல் விலை கிடைக்காமல் போனாலும், சந்தை மந்தமாகும்போது ஆலை முதலில் கைவிடுவது பதிவேடு இல்லாத மரத்தைத்தான் என்பது என் எண்ணம்.

இனி எரிப்பது பற்றி. மூலைக் காட்டை மட்டுமல்ல, அறுவடைக்குப் பிறகு கொம்பு, இலை, பட்டை எதையும் எரிக்காதீர்கள். எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். தைலமரத்தின் பட்டையில் சுண்ணாம்புச்சத்து நிறைந்திருக்கிறது. பட்டையோடு மரத்தை ஏற்றி அனுப்பினால் உங்கள் மண்ணின் சத்தையே லாரியில் ஏற்றுகிறீர்கள். வெட்டிய அன்றே வயலில் உரித்துவிடுங்கள். ஈரம் இருக்கும்வரை நுனியில் கோடரியால் ஒரு கீறு கீறி இழுத்தாலே பட்டை நீளமாகக் கழன்று வரும். இரண்டு நாள் காய்ந்துவிட்டால் மரத்தோடு ஒட்டிக்கொண்டு ஆளைப் படுத்தும். உரித்த பட்டையை வரிசைகளுக்கு இடையில் பரப்பி, மேலே இலையும் கொம்பும் கிடக்கட்டும். வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும்போது அந்தப் போர்வைக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள், மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும்.

உரிப்பதற்கு முன்பே லாரியை உறுதி செய்துவிடுங்கள். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீர்தான். பட்டை உரித்த கட்டை வெயிலில் வேகமாக உலரும். ஆலை எடைக்கு விலை கொடுத்தால், லாரி வராத ஒவ்வொரு நாளும் உங்கள் பணம் காற்றில் போகிறது. ஒரு தோப்பில் உரித்து அடுக்கிய கட்டைகள் இரண்டு வாரம் கிடந்து, முனைகளில் நட்சத்திரம் போல வெடிப்பு விட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த விவசாயி எடைச் சீட்டைப் பார்த்து ஆலைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தார். போன எடையெல்லாம் தண்ணீர்.

மரத்தின் தேர்வு பற்றியும் ஒரு சொல். எல்லா நிலத்திலும் ஒரே குளோன் நடாதீர்கள். தைலமரத்தின் இளந்தளிரில் முடிச்சு உண்டாக்கும் சிறு குளவி ஒன்று 2000-க்குப் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அதற்கு இடம் கொடுக்கும் குளோனை மட்டுமே நட்டவர்கள் தோப்பையே இழந்தார்கள். மூன்று நான்கு குளோன்களைப் பட்டை பட்டையாக நடுங்கள். மண் மணற்பாங்காக இருந்தால் ஒரு பகுதியில் சவுக்கு வைக்கலாம். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். ஆனால் கடற்கரைச் சவுக்கு வெட்டிய கட்டையிலிருந்து தைலமரம் போலத் தழைக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாக நட வேண்டும். எதை நட்டாலும் ஓடைக்கரையையும் கிணற்றடியையும் விட்டுத் தள்ளி நடுங்கள். முதல் ஆண்டு பயறு வகைகளை ஊடுபயிராக எடுக்கலாம்.

கடைசியாகக் கார்பன். உலர்ந்த மரத்தில் ஏறத்தாழ பாதி கார்பன் என்பது உண்மை. அதை வைத்து ஆண்டுதோறும் பணம் என்று சொல்வதுதான் தவறு. நான்கைந்து ஆண்டில் கூழ்மரத்தை வெட்டி எடுத்தால் வயலிலிருந்த கார்பன் சரிந்துவிடுகிறது. வெட்டும் நாளில் மரத்தில் நூறு பங்கு இருந்தால், சீராக வளர்ந்த தோப்பில் நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ ஐம்பதுதான். கார்பன் கிரெடிட்டைப் பதிவு செய்து வழங்கும் வெர்ரா போன்ற அமைப்புகள் அந்தச் சராசரிவரை மட்டுமே கிரெடிட் தரும்; அடுத்தடுத்த சுழற்சிகளில் அதே ஐம்பதை மறுபடி விற்க முடியாது. அதிலும் ஒரு பகுதியைத் தீ, புயல் போன்ற இழப்புக்கென ஒதுக்கிவைப்பார்கள். திட்டம் பல பத்தாண்டுகளுக்கு நிலத்தைக் கட்டிப்போடும். இயற்கைத் தாவரங்களை அழித்த நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்குச் சேர்ப்பதே இல்லை.

முகவர் மறுபடி வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்டு, பதிலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். கிரெடிட் யார் பெயரில் பதிவாகும்? அளவீட்டுச் செலவு யாருடையது? மரம் எரிந்துபோனால் யார் பொறுப்பு? இடையில் நிலத்தை விற்கவோ வேறு பயிருக்கு மாறவோ எனக்கு உரிமை உண்டா? பதில் தெளிவாக இல்லையென்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குக் கார்பனில் விருப்பம் இருந்தால், ஒரு ஏக்கரில் கூழுக்கு வெட்டாமல் நெடுநாள் நிற்கும் தடிமரம் நட்டு, குழுவாகச் சேர்ந்து பிறகு பேசலாம்.

ஏழரை ஏக்கரில் நடவு செய்யுங்கள். மூலைக் காட்டைச் சுற்றி உழுது தீத்தடுப்புப் பாதை எடுத்து, காய்ந்த புல்லை அகற்றிவிடுங்கள். அந்தக் காட்டை நான்கு பக்கத்திலிருந்தும் படம் பிடித்து, தேதி போட்டு, நோட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒட்டுங்கள். முதல் தணிக்கையில் கேட்கப்படும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.