கரும்பு தின்னக் கூலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மினியாபொலிஸ் பக்கம் ஒரு புறநகரில் பல வருடங்களாக இருக்கிறோம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி அணியில் ஃபுட்பால் ஆடுகிறான். நம்மூர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம். முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுப்பது அவன் வேலை. ஆள் நன்றாக வளர்ந்திருக்கிறான், படிப்பும் மோசமில்லை.

மூன்று மாதமாக ஒரு சின்னக் கல்லூரியின் கோச் வாராவாரம் அவனைக் கூப்பிட்டுப் பேசுகிறார். வந்து சேர் என்கிறார். பையன் தலைகால் புரியாமல் திரிகிறான். விசாரித்தால் அது டிவிஷன் த்ரீயாம், ஆடுவதற்கு ஸ்காலர்ஷிப் கிடையாதாம். ஆண்டுச் செலவு 60,000 டாலர் என்று போட்டிருக்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, செலவு இதில் பாதிதான். ஆட வராதவர்கள் போகும் இடம் அது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மனைவிக்கு அவன் தலையில் அடிபடுமே என்ற பயம்.

கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பார்கள். இங்கே கூலியும் இல்லை, கரும்புக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும் போலிருக்கிறது. மினசோட்டாவில் சில காலம் இருந்தீர்கள் என்பதால் கேட்கிறேன். இது வெட்டி வேலையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். அது தெளிவாகாமல் மற்றது எதுவும் காதில் ஏறாது.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-ல் தன் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக்கியது. மூன்றாவது பிரிவில், விளையாடுகிறான் என்பதற்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக்கூடாது என்பது விதி. ஆனால் மதிப்பெண்ணுக்காகவும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் தருகிற தொகைகள் உண்டு. மற்ற மாணவர்களுக்கு எந்தக் கணக்கோ அதே கணக்குதான் ஆடுகிறவனுக்கும். நீங்கள் பார்த்த 60,000 அச்சடித்த விலை. இப்படிப்பட்ட தனியார் கல்லூரிகள் பலவற்றில் அதை முழுசாகக் கட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதம் வரட்டும். அதில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள், கடனையும் உதவி என்ற தலைப்பிலேயே சேர்த்திருப்பார்கள். மதிப்பெண் குறைந்தால் மானியம் நின்றுவிடுமா என்றும் கேளுங்கள். அப்புறம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருடச் செலவோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்களால் தாங்க முடியாததாக இருந்தால் மகனிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். ஆட்டத்துக்காகக் குடும்பம் கடனில் விழக்கூடாது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

தாங்கிவிடலாம் என்றால் மேலே படியுங்கள்.

கோச் ஏன் வாராவாரம் கூப்பிடுகிறார்? உங்கள் மகன் நன்றாக ஆடுகிறான் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் பேர் படிக்கும் கல்லூரிக்கு ஃபுட்பால் அணி என்றால் நூறு மாணவர்கள். கட்டணம் கட்டும் நூறு பேர், அதுவும் ஆண்கள். பல சின்னக் கல்லூரிகளில் பெண்கள்தான் அதிகம், பையன்களைக் கொண்டுவருவது பெரும்பாடு. ஜார்ஜியாவின் பெர்ரி கல்லூரியும் ஆர்கன்ஸாவின் ஹெண்ட்ரிக்ஸ் கல்லூரியும் 2013-ல் ஃபுட்பால் அணியை இறக்கின. மாணவர் சேர்க்கை என்ற கணக்கைப் பார்க்காமல் எந்தச் சின்னக் கல்லூரியும் இந்த வேலையில் இறங்குவதில்லை. அதனால் கோச் பாதி நேரம் கல்லூரிச் சேர்க்கை அலுவலர்தான். இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் உங்கள் வீட்டுக்கு மட்டும் போன் போடவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான்கு வருடம் முன்பு முதலாண்டில் எத்தனை பையன்கள் அணியில் சேர்ந்தார்கள், இன்று நான்காம் ஆண்டில் அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்பதைவிட இந்த எண்ணைத்தான் நான் நம்புவேன். பெரிய பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை வாங்கி ஆடுகிறவன் அணியை விட்டால் அந்தப் பணம் போய்விடும். பிடிக்காவிட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவான். டிவிஷன் த்ரீயில் அந்தக் கட்டு கிடையாது. செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து, இனி வரமாட்டேன் என்று கோச்சிடம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகலாம். ஒரு பைசா குறையாது. முழங்கால் போனாலும் குறையாது. அப்படி இருந்தும் ஒரு பையன் நான்கு வருடம் நிற்கிறான் என்றால், அங்கே ஏதோ அவனைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதை முழுசாகப் புரிந்துகொண்ட ஒருவர் உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் அறுபது வருடம் வேலை பார்த்தார். ஜான் கல்யார்டி. காலேஜ்வில்லில் பெனடிக்டைன் துறவிகள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் கோச். கொலராடோவின் டிரினிடாட் என்ற ஊரில், இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு 16 வயதானபோது பள்ளி அணியின் கோச்சைப் போருக்கு அழைத்துக்கொண்டார்கள். அணியைக் கலைத்துவிடலாம் என்று பள்ளி நினைத்தது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இந்தப் பையன் நின்றான். ஆடுகிறவனே கோச்சும் ஆனதும் செய்த முதல் வேலை, பயிற்சியில் தனக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் தூக்கிப் போட்டது.

அதற்கப்புறம் எழுபது வருடம் அவர் அவற்றைத் திரும்ப எடுக்கவே இல்லை. 1949-ல் மான்டானாவின் கேரல் கல்லூரி, 1953-ல் செயின்ட் ஜான்ஸ். பயிற்சியில் ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்துவது கிடையாது. விசில் கிடையாது. தண்டனைக்கு மைதானத்தைச் சுற்றி ஓட வைப்பது கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி இல்லை, கொசு கடித்தால் அதுவும் இல்லை. அவரைக் கோச் என்று கூப்பிடக்கூடாது, ஜான் என்றுதான் சொல்ல வேண்டும். நாம் அண்ணன், ஐயா, சார் இல்லாமல் வாயைத் திறக்காதவர்கள், நமக்கு இது கூச்சமாக இருக்கும். அணியில் சேர வந்த யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. பயிற்சிக்கு நடுவே பையன்களைப் புல்லில் மல்லாந்து படுக்க வைத்து, இன்று என்ன அழகான நாள் என்று பக்கத்தில் படுத்திருப்பவனிடம் சொல்ல வைப்பார். அதுவும் பயிற்சிதான்.

கேட்டால் ஏதோ கோடை முகாம் போலிருக்கும். 2012-ல் 86 வயதில் அவர் ஓய்வு பெற்றபோது கணக்கு 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், எந்தப் பிரிவை எடுத்தாலும், அந்த வெற்றி எண்ணிக்கையைத் தொட்டவர் இல்லை.

அவர் கோச்சாக இருந்த கடைசி வருடங்களில் ஒரு சனிக்கிழமை மதியம் நானும் அங்கே போயிருக்கிறேன். எனக்கு ஆட்டத்தின் விதிகள் பாதிதான் தெரியும். மரங்கள் சூழ்ந்த பள்ளத்தில் மைதானம், கிண்ணம் போல. ஊரில் கோயில் திருவிழாவுக்குக் கூடுவது மாதிரிக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் கைக்கு வந்துவிட்ட பிறகு, கடைசிக் கால் மணி நேரத்தில், அதுவரை ஓரத்தில் நின்ற பையன்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம் அப்படியே எழுந்து நின்றது. பாட்டி, அம்மா, தங்கைகள். அவர்கள் பையன் நான்காம் ஆண்டு, அந்தப் பருவத்தில் அதுதான் அவன் இறங்கும் இரண்டாவது ஆட்டம் என்று அந்த அம்மா திரும்பி என்னிடம் சொன்னார். அவன் பந்தைத் தொடவில்லை. நான்கைந்து முறை எதிராளியைத் தடுத்தான், ஒருமுறை கீழே விழுந்தான். அந்த அம்மா உட்காரவே இல்லை.

உங்கள் மகனுக்கும் இதே கதி வரலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பள்ளியில் அவன் முதல் பதினொருவரில் ஒருவன். அங்கே நூறில் ஒருவன். இரண்டு வருடம் ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும். இதை அவனிடம் இப்போதே பேசுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தவறு. 2003-ல் இந்தப் பிரிவின் இறுதி ஆட்டத்தில் கல்யார்டியின் அணி மவுன்ட் யூனியனை 24-6 என்று வென்றது. ஒஹையோவின் அலையன்ஸ் என்ற சின்ன ஊரின் கல்லூரி அது, அன்றைக்கு வரை தொடர்ந்து 55 ஆட்டங்கள் தோற்காமல் வந்திருந்தது. அதன் கோச் லாரி கெரஸ் ஓய்வு பெறும்போது 332 வெற்றி, 24 தோல்வி. தொழில்முறை அணியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குக் கோச்சான நிக் சிரியானி அங்கே ஆடியவர்தான். உங்கள் மகன் ஆடும் முன்வரிசையிலேயே சொல்கிறேன்: நியூயார்க் மாநிலத்தின் ஹோபார்ட் கல்லூரியிலிருந்து அலி மார்பெட் 2015-ல், தொழில்முறை லீகான என்.எஃப்.எல். கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில் 61-வது ஆளாகப் போனார். செயின்ட் ஜான்ஸின் பென் பார்ச் 2020-ல், விஸ்கான்சின் ஒயிட்வாட்டரின் க்வின் மைனர்ஸ் 2021-ல். சரி, இதை மகனிடம் காட்டி ஆசை கிளப்ப வேண்டாம். டிவிஷன் த்ரீயில் 240 கல்லூரிகள் வரை ஃபுட்பால் ஆடுகின்றன, அத்தனை ஆயிரம் பேரில் இப்படிப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆட வராதவர்கள் என்ற பேச்சுக்குத்தான் இந்தப் பெயர்கள்.

இந்தப் பிரிவைக் கறையில்லாத சொர்க்கம் என்றும் நினைக்காதீர்கள். உதவித்தொகையை எடுத்துவிட்டால் எல்லோரும் சமம் ஆகிவிடுவதில்லை. உங்கள் ஊர் லீகிலேயே 2017-ல் செயின்ட் தாமஸ் அணி செயின்ட் ஓலாஃபை 97-0 என்று தோற்கடித்தது. செயின்ட் தாமஸ் அந்த லீகின் மற்றவற்றைவிட மிகப் பெரிய கல்லூரி, நகரத்தின் நடுவே இருப்பது. 2019-ல் மற்ற கல்லூரிகள் சேர்ந்து அதை லீகைவிட்டே வெளியேற்றின. 2021-ல் அது நேராக டிவிஷன் ஒன்னுக்குப் போனது. அங்கும் ஃபுட்பாலுக்கு மட்டும் உதவித்தொகை தராத பயனியர் லீகில்தான் சேர்ந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அயோவாவின் கிரின்னெல் கல்லூரியில் 2019-ல் மூன்று ஆட்டம் முடிந்தபோது காயமில்லாமல் நின்றவர்கள் 28 பேர். இனி ஆடினால் யாருக்காவது பெரிதாக ஏதாவது ஆகிவிடும் என்று மீதிப் பருவத்தையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தச் சொன்னவர்கள் ஆடிய பையன்களே. படித்தபோது எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது. பணம் வாங்கிய அணியில் பையன்களால் அப்படிச் சொல்ல முடியுமா? 2025-ல் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு டிவிஷன் ஒன் கல்லூரி ஒன்று ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கும் மேல் தன் வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம். உழைக்கிறவனுக்குக் கூலி தருவது நியாயம்தான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் கூலி வாங்கினவனுக்கு நிறுத்தச் சொல்லும் வாய் கொஞ்சம் அடைபட்டுவிடும்.

இப்போது உங்கள் மனைவியின் பயம். அவர் பயப்படுவது சரி. ஒரே பெரிய அடியால் மட்டும் வருகிற ஆபத்து இல்லை இது. முன்வரிசை ஆட்டக்காரன் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் தலையில் சின்னச் சின்ன இடி வாங்குகிறான். ஆண்டுக்கணக்கில் அப்படி வாங்கினால் மூளைக்கு வரக்கூடிய சேதத்துக்கு சி.டி.இ. என்று பெயர். மேலே சொன்ன அலி மார்பெட், என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஜெயித்தவர், 28 வயதில் உடம்பை நினைத்து ஆட்டத்தைத் தானாகவே விட்டுவிட்டார். பயிற்சியில் மோதலைக் குறைத்தால் வாங்கும் இடிகளின் எண்ணிக்கை குறையும். கல்யார்டி அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்ததை, ஹார்வர்ட், யேல் போன்ற, விளையாட்டுக்கு உதவித்தொகை தராத ஐவி லீக் கல்லூரிகள் 2016-ல் செய்தன. பருவம் நடக்கும்போது பயிற்சியில் முழு மோதல் வேண்டாம் என்று அவற்றின் கோச்சுகளே முடிவெடுத்தார்கள். உங்கள் கோச் வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் வைக்கிறார் என்று உங்கள் மனைவியே அவரைக் கேட்கட்டும். தலையில் அடிபட்டவன் மறுபடி இறங்கலாமா என்று முடிவு செய்வது யார், மருத்துவப் பணியாளரா கோச்சா என்றும் கேட்கட்டும். மழுப்பலான பதில் வந்தால் எனக்கு அதுவே போதும், அந்தக் கல்லூரி வேண்டாம் என்பேன்.

நீங்கள் கேட்டது வெட்டி வேலையா என்று. மகனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: முதல் வாரமே கால் உடைந்து இனி ஆடவே முடியாது என்றாகிவிட்டால், அந்தக் கல்லூரியில் நான்கு வருடம் இருப்பாயா? யோசிக்காமல் இருப்பேன் என்றால் அனுப்பலாம் என்பது என் எண்ணம். தயங்கினால் அவனுக்குப் பிடித்தது கோச்சின் குரல்தான், கல்லூரி இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது. இந்தப் பிரிவில் கையெழுத்துப் போட்டுக் கட்டிவைக்கும் ஒப்பந்தம் கிடையாது, முன்பணம் கட்டும் வரை அவன் மனதை மாற்றிக்கொள்ளலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு இரவு அவனை அந்தக் கல்லூரி விடுதியில் தங்க வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வார நாளாக இருக்கட்டும். கோச் கூட வேண்டாம், இரண்டாம் வருடம் ஓரத்தில் நிற்கும் பையன்களோடு சாப்பிடட்டும். மறுநாள் நீங்கள் அழைத்துவரப் போகும்போது காரில் எதுவும் கேட்காதீர்கள். அவனே பேசுவான். அதன் பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்.