குறைந்த ரேம் உள்ள லேப்டாப்பில் லாங்குவேஜ் சர்வரோடு ஒரு லேசான எடிட்டரை எப்படி அமைப்பது?

4 ஜிபி ரேம், எழுதுவது சி-யும் பைத்தானும், பெரிய ஐடிஇ-யைத் திறந்தாலே லேப்டாப் திணறுகிறது, ஆனாலும் ஆட்டோகம்ப்ளீட்டும் டெஃபனிஷனுக்குத் தாவும் வசதியும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். டெர்மினலில் ஓடும் ஹீலிக்ஸ் எடிட்டரில் தொடங்குங்கள்.

நியோவிம்மும் நல்ல எடிட்டர்தான். 2021-இல் வந்த 0.5 பதிப்பிலிருந்தே லாங்குவேஜ் சர்வருடன் பேசும் வசதி அதற்குள் இருக்கிறது, 0.11-இல் அமைப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. ஆனால் புதிதாக வருபவர்கள் எந்த பிளக்இன், யாருடைய கான்ஃபிக் என்று தேடுவதிலேயே வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். ஹீலிக்ஸில் அந்தத் தேடலே இல்லை. சர்வரை நிறுவி, அது பாத்-இல் (கணினி கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில்) இருந்தால் போதும், எடிட்டர் தானாக எடுத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எல்எஸ்பி (லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்) நெறிமுறைப்படி, நிரலை அலசும் வேலை எடிட்டருடையது அல்ல. அது தனி பிராசஸாக ஓடும் சர்வருடையது. நீங்கள் தட்டும் மாற்றங்களை எடிட்டர் ஜேசன் செய்திகளாக அனுப்புகிறது. பிழை, பரிந்துரை, டெஃபனிஷன் இருக்கும் இடம் எல்லாம் அங்கிருந்து திரும்பி வருகின்றன. அதனால் ரேமைத் தின்பதும் சர்வர்தான். பெரிய ரஸ்ட் புராஜெக்டில் அந்த மொழியின் சர்வரான ரஸ்ட்-அனலைசர் சில ஜிபி வரை எடுக்கும். எந்த எடிட்டரைப் போட்டாலும் அது குறையாது. நல்லவேளையாக, உங்கள் இரண்டு மொழிகளுக்கும் பொதுவாக அந்த அளவு தேவைப்படாது.

சி-க்கு கிளாங்டி என்ற சர்வர். நிறுவியதும் ஒரு ஃபைலைத் திறந்தால், உங்கள் ஹெடர் ஃபைல்களே கிடைக்கவில்லை என்று பிழை காட்டலாம். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கும். சர்வரில் கோளாறு எதுவும் இல்லை. ஒவ்வொரு ஃபைலையும் எந்த இன்க்ளூட் பாதையோடு, எந்த ஃப்ளாகோடு கம்பைல் செய்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். அதைச் சொல்லும் ஃபைல் 'கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன்'. சிமேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தினால் 'சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ்' என்ற மாறியை ஆன் செய்தால் பில்ட் ஃபோல்டரில் அதுவே எழுதிவிடும். வெறும் மேக்ஃபைல் என்றால் 'பேர்' (Bear) என்ற கருவியின் வழியாக மேக்கை ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள். கிளாங்டி நீங்கள் திறந்த ஃபைலின் ஃபோல்டரிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகத் தேடும். வழியில் 'பில்ட்' என்ற பெயரில் துணை ஃபோல்டர் இருந்தால் அதற்குள்ளும் பார்க்கும். முதல் முறை இண்டெக்ஸ் கட்ட நேரமாகும், ஃபேன் சத்தம் போடும். அந்த இண்டெக்ஸ் டிஸ்க்கில் சேமிக்கப்படுவதால் அடுத்த முறை சீக்கிரம் தயாராகிவிடும்.

பைத்தானில் வரும் சிக்கலும் இதே ஜாதிதான். பேக்கேஜ்களை வெர்ச்சுவல் என்விரான்மென்டில் (புராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழலில்) நிறுவியிருப்பீர்கள், சர்வரோ கணினியின் பொதுப் பைத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கும். இம்போர்ட் எதையும் அடையாளம் தெரியாது. டெர்மினலில் என்விரான்மென்டை ஆக்டிவேட் செய்த பிறகு, அங்கிருந்தே எடிட்டரைத் திறவுங்கள். எடிட்டர் கிளப்பும் சர்வருக்கும் அதே சூழல் கிடைத்துவிடும்.

எதுவும் வேலை செய்யவில்லை என்றால் கான்ஃபிக்கை நோண்டுவதற்கு முன், டெர்மினலில் ஹீலிக்ஸின் 'ஹெல்த்' கட்டளையை மொழியின் பெயரோடு ஓட்டிப் பாருங்கள். அந்த மொழிக்கான சர்வர் கிடைத்ததா இல்லையா என்று அதிலேயே தெரியும். கிடைத்தும் பதில் வரவில்லையா, எடிட்டருக்குள் லாக் ஃபைலைத் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

தொடக்கத்தில் கீகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். நார்மல் மோடில் (எழுத்தைத் தட்டாமல் கட்டளை கொடுக்கும் நிலையில்) ஜி, டி (gd) அழுத்தினால் டெஃபனிஷனுக்குப் போகும், கன்ட்ரோல்-ஓ பழைய இடத்துக்குக் கொண்டுவரும், ஸ்பேஸும் ஆர்-உம் பெயர் மாற்றும். இந்த மூன்றும் கையில் படிந்த பிறகு மற்றவற்றைப் பாருங்கள். மோடு மாற்றி எழுதுவது சுத்தமாக ஒத்துவரவில்லை என்றால் கேட் எடிட்டரைப் போடுங்கள். எல்எஸ்பி பிளக்இன் அதோடு சேர்ந்தே வருகிறது, செட்டிங்ஸில் அதற்கு டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.