இரண்டடுக்கு விமானத்தில் அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஏ380 விமானத்தில் நீண்ட பயணம் போகிறேன். அம்மாவுக்கு வயது 71, முழங்கால் வலி உண்டு. ஐந்நூறு பேர் ஏறும் விமானம் என்றதும் வீட்டில் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். "கான்கார்டே எரிந்து விழுந்தது, இவ்வளவு பெரிய விமானத்தை எப்படி நம்புவது?" என்கிறார் மாமா. பெரிய விமானத்தில் ஆபத்து கூடுதலா? எந்த சீட் எடுக்கலாம்? ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானங்கள் மறுபடியும் வரப்போகின்றனவாமே, அவற்றில் ஏறலாமா?

பதில்: தைரியமாகப் போய் வாருங்கள். ஏ380 பயணிகள் சேவைக்கு வந்தது 2007-ல். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ரக விமானம் ஒன்றுகூட உயிர்ச்சேதம் தரும் விபத்தில் சிக்கியதில்லை. ஆனாலும் ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டை நினைத்து உங்கள் மாமா பயப்படுவதை நான் தள்ளிவிட மாட்டேன். அந்த விபத்து எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால், எந்த விமானத்தையும் எப்படி எடைபோடுவது என்பது பிடிபட்டுவிடும்.

2000 ஜூலை 25, பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையம். கான்கார்ட் புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் அதே ஓடுபாதையிலிருந்து ஒரு டிசி-10 விமானம் கிளம்பிப் போயிருந்தது. அதன் இன்ஜின் உறையிலிருந்து ஒரு டைட்டானியப் பட்டை கழன்று ஓடுபாதையில் கிடந்தது. நீளம் 43 செ.மீ. அளவு, அகலம் இரண்டு விரற்கடை. வேகமெடுத்து ஓடிய கான்கார்டின் ஒரு டயர் அதன்மேல் ஏறி வெடித்தது. பிய்ந்து பறந்த ரப்பரில் ஒரு துண்டு மட்டும் நாலரைக் கிலோ இருந்தது. அது இறக்கையின் அடிப்பக்கத்தில் போய் அடித்தது.

அடுத்து நடந்ததுதான் பொறியாளர்களையே திகைக்க வைத்தது. ரப்பர் துண்டு இறக்கைக்குள் இருந்த எரிபொருள் டேங்கைக் குத்திக் கிழிக்கவில்லை. டேங்கில் எரிபொருள் ஏறக்குறைய விளிம்புவரை நிரம்பியிருந்தது. வெளியே விழுந்த அடி அந்தத் திரவத்துக்குள் அழுத்த அலையாகப் பரவி, டேங்கின் அடித்தகட்டை உள்ளேயிருந்து வெளிப்பக்கமாகப் பிய்த்துத் தள்ளியது. கொட்டிய எரிபொருள் பற்றிக்கொண்டது. இடப்பக்கத்து இரண்டு இன்ஜின்களும் வலுவிழந்தன. நிறுத்திவிடலாம் என்றால் மீதமிருந்த ஓடுபாதை போதாது. மேலே ஏறலாம் என்றால் சக்கரங்கள் உள்ளே மடங்கவில்லை. இரண்டு நிமிடங்களுக்குள் பக்கத்து ஊரான கோனெஸில் ஒரு ஹோட்டல்மேல் விழுந்து, விமானத்திலிருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் இறந்துபோனார்கள்.

டயர் வெடிப்பது விமானங்களில் புதிதல்ல. சாதாரண ஜெட் விமானத்தில் டயர் வெடித்தால் பெரும்பாலும் பத்திரமாக இறங்கிவிடுவார்கள். கான்கார்டை அது ஏன் வீழ்த்தியது? ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போக, அதற்கு ஒல்லியான முக்கோண இறக்கை தேவைப்பட்டது. மற்ற விமானங்கள் புறப்படும்போது இறக்கையின் பின்விளிம்பில் ஃபிளாப் எனும் அசையும் தகடுகளை இறக்கிக் கூடுதல் தூக்குவிசை எடுக்கும். அந்த வசதி கான்கார்டுக்குக் கிடையாது. அதனால் மணிக்கு 400 கி.மீ.யை ஒட்டிய வேகத்தை எட்டிய பிறகுதான் தரையை விட்டு எழும்ப முடியும். அத்தனை வேகத்தில் டயர்மேல் விழும் பாரத்தை நினைத்துப் பாருங்கள். டயர் சிதறினால் துண்டுகள் பறப்பது நேராக மேலே, அங்கே இறக்கை முழுக்க எரிபொருள். வானத்து வேகத்துக்காகச் செய்த வடிவம்தான் தரையில் அதைப் பலவீனமாக்கியது.

எனக்கு இதில் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. இதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, 1979 ஜூன் மாதம், வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் ஒரு கான்கார்ட் புறப்படும்போது டயர்கள் வெடித்து, துண்டுகள் எரிபொருள் டேங்குகளைத் துளைத்தன. அன்று தீப்பிடிக்காததால் அது திரும்பி வந்து இறங்கியது. அதன் பிறகு டயரையும் சக்கரத்தையும் கண்காணிக்கச் சில மாற்றங்கள் செய்தார்கள். டேங்கைக் காக்க எதுவும் செய்யவில்லை. மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட டயர் சம்பவங்கள் கான்கார்டின் வரலாற்றில் பதிவாகியிருந்தன. டேங்குக்குள் கெவ்லார் எனும் உறுதியான இழையால் ஆன உறை, எளிதில் சிதறாத புது வகை டயர் எல்லாம் வந்தது 113 உயிர் போன பிறகுதான். அந்த மாற்றங்களோடு 2001 நவம்பரில் மறுபடி பறந்தது. ஆனால் அதற்குள் பயணிகள் குறைந்துவிட்டார்கள், பராமரிப்புச் செலவு ஏறிவிட்டது. 2003-ல் சேவை நின்றது.

இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லுங்கள். 1976-ல் சேவைக்கு வந்ததிலிருந்து அந்த விபத்துக்கு முந்தைய நாள்வரை, கான்கார்டில் ஒரு பயணிகூட விபத்தில் இறந்ததில்லை. உலகிலேயே பாதுகாப்பான விமானம் என்று பலரும் எழுதினார்கள். ஒரே நாளில், பயணத்துக்கு எத்தனை விபத்து என்ற கணக்கில், மோசமான இடத்துக்குப் போய்விட்டது. இரண்டு கணக்குமே நம்பத் தகுந்தவை அல்ல, ஏனென்றால் சேவையில் இருந்தவையே 14 விமானங்கள்தான். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை பறக்கும் ரகத்தில் ஒரு குறை இருந்தால் சீக்கிரமே வெளிப்படும். எப்போதாவது பறக்கும் ரகத்தில் அது ஆண்டுக்கணக்கில் ஒளிந்துகொண்டிருக்கும்.

சரி, ஏ380-க்கு வருவோம். அதற்கும் சோதனை வந்தது. 2010 நவம்பர் 4, சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு 469 பேருடன் கிளம்பிய, ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்து ஏ380-ன் இரண்டாம் இன்ஜின் நடுவானில் வெடித்தது. இன்ஜினுக்குள் எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சிறு குழாய் சரியாகக் கடையப்படாமல் போனது காரணம். உடைந்த சுழல்தட்டின் துண்டுகள் இறக்கையைத் துளைத்து, டேங்கைக் கிழித்து, வயர்களை அறுத்தன. எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகத் திரை நிரம்பியது. விமானிகள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இரண்டு மணி நேரம் போலப் பறந்து, சிங்கப்பூரிலேயே இறக்கினார்கள். தரையில் நின்ற பிறகும் ஒரு இன்ஜின் அணைய மறுத்தது, தீயணைப்பு வீரர்கள் நீரும் நுரையும் அடித்து அடக்க மணிக்கணக்கானது. ஒருவருக்கும் காயமில்லை.

அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த விமானத்தில் கட்டுப்பாட்டு இணைப்புகள் ஒன்றுக்கு இரண்டாக, வெவ்வேறு வழியில் ஓடுகின்றன. ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்கும். பெரிய உடம்பு இதற்கு உதவி, தள்ளித் தள்ளி வைக்க இடம் கிடைக்கிறது. ஒரு பாகம் கெட்டால் அடுத்த பாகம் தாங்குமா என்று கேளுங்கள். விமானத்தின் அளவைவிட, வேகத்தைவிட, நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"அத்தனை பேர் எப்படி வெளியேறுவார்கள்?" என்பது நியாயமான பயம். விதிப்படி, பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி, 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். 2006 மார்ச்சில் ஹாம்பர்க்கில் ஓர் இருட்டடிக்கப்பட்ட கொட்டகைக்குள் ஏ380-ஐ நிறுத்தி, பணியாளர்களையும் சேர்த்து 873 பேரை ஏற்றினார்கள். 16 வாசலில் எந்த எட்டு திறக்கும் என்று உள்ளே யாருக்கும் தெரியாது. 78 வினாடியில் விமானம் காலி. ஒருவருக்குக் கால் முறிந்தது, இன்னும் 32 பேருக்குச் சிறு காயங்கள். அவசரச் சறுக்கில் இறங்குவது சுகமான காரியமல்ல, ஆனாலும் இறங்கிவிட முடியும்.

நிஜத்தில் 90 வினாடி என்பது கைகூடாத நாட்களும் உண்டு. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா ஓடுபாதையில் இறங்கிய ஏ350 விமானம், அங்கே நின்றிருந்த கடலோரக் காவல் படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் அறிவிப்பு ஒலிபெருக்கி செத்துவிட்டது, எட்டு வாசலில் மூன்றுதான் பயன்பட்டன. கடைசி ஆள் இறங்கப் பதினெட்டு நிமிடமானது. ஆனாலும் 379 பேரும் உயிருடன் வெளியே வந்தார்கள். பணியாளர்கள் தொண்டை கிழியக் கத்தி வழி சொன்னார்கள், பயணிகள் பையை விட்டுவிட்டு வந்தார்கள். மேலே இருக்கும் பையை எடுக்க ஒருவர் நின்றால் அந்த நடைவழியே அடைபட்டுவிடும்.

இனி உங்கள் சீட் விஷயம். "இந்த இடத்தில் உட்கார்ந்தால் உயிர் பிழைக்கலாம்" என்று எந்த வரிசைக்கும் உறுதி கிடையாது. அம்மாவின் முழங்காலை நினைத்துச் சொல்கிறேன், கீழ்த்தளத்தில் எடுங்கள். மேல்தளத்து வாசல் தரையிலிருந்து எட்டு மீட்டர் போல உயரம், வயதானவர்கள் அந்த உயரத்தைப் பார்த்ததும் தயங்கிவிடுவார்கள். நடைவழி ஓரத்தில், வாசலுக்கு இரண்டு மூன்று வரிசை தள்ளி அவரை உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவசர வாசலை ஒட்டிய வரிசையே வேண்டும் என்று கேட்காதீர்கள், உடல் முடியாதவர்களுக்கு அதைத் தரமாட்டார்கள். உட்கார்ந்ததும் முன்னால் இருக்கும் வாசலுக்கும் பின்னால் இருக்கும் வாசலுக்கும் எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள். புகை சூழ்ந்தால் கண் தெரியாது, கையால் சீட்டுகளைத் தொட்டு எண்ணித்தான் போக வேண்டும். புறப்படும்போதும் இறங்கும்போதும் அம்மா செருப்பைக் கழற்ற வேண்டாம். பவர் பேங்க் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது.

சீட் பெல்ட்டைத் தூங்கும்போதும் போட்டிருக்கச் சொல்லுங்கள். நீங்கள் உண்மையில் சந்திக்க வாய்ப்புள்ள ஆபத்து தீயைவிட, திடீர்க் குலுக்கல்தான். 2024 மே மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 777 ஒன்று அப்படிக் குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலர் கூரையில் மோதிப் படுகாயமடைந்தார்கள். கழிப்பறைக்கு அம்மா எழுந்து போகும்போது கூடவே போங்கள்.

கடைசியாக, மீயொலி விமானம், அதாவது நீங்கள் கேட்ட ஒலியைவிட வேகமான விமானம். வருவது நிஜம்தான். அமெரிக்காவின் பூம் நிறுவனத்தின் சோதனை விமானம் எக்ஸ்பி-1, 2025 ஜனவரி 28 அன்று ஒலியின் வேகத்தைத் தாண்டியது. ஆனால் அது ஒரே விமானி உட்காரும் சிறு விமானம். பயணிகள் விமானம் இனிமேல்தான் உருவாக வேண்டும். பழைய அனுபவம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. சோவியத்தின் மீயொலி விமானமான டியு-144 பயணிகளை ஏற்றியது ஏழே மாதம், 1977 நவம்பரிலிருந்து 1978 ஜூன் வரை.

அப்படி ஒரு விமானத்துக்கு டிக்கெட் விற்கும் நாள் வந்தால் நான் முதலில் பார்ப்பது அது பறக்கும் உயரத்தை. கான்கார்ட் 60,000 அடிவரை போனது. அங்கே கேபின் காற்று வெளியேறிவிட்டால் தலைக்குமேல் தொங்கும் ஆக்சிஜன் முகமூடி மட்டும் போதாது. அதனால்தான் அதன் ஜன்னல்களை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினார்கள். ஒன்று உடைந்தாலும் காற்று மெதுவாகவே கசியும், அதற்குள் விமானி கீழே இறக்கிவிடலாம். புதிய விமானத்தில் இதற்கு என்ன வழி, டயரும் டேங்கும் எங்கே இருக்கின்றன, சின்னச் சின்னக் கோளாறுகளை நிறுவனம் வெளிப்படையாகச் சொல்கிறதா என்று பார்ப்பேன். சான்றிதழ் வாங்கி, சில ஆண்டுகள் தினமும் பறந்து பழகட்டும். அதற்கப்புறம் நானும் ஏறுவேன், அம்மாவையும் நீங்கள் அழைத்துப் போகலாம்.