புல்வெட்டும் வண்டிக்குப் பை மாட்டினால் களை குறையுமா?

பாளையங்கோட்டைப் பக்கம் அரை ஏக்கர் புல்தரை, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி, தீராத களை; வெட்டிய புல்லைச் சேர்க்கும் பையைப் பின்னால் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டலாம் அண்ணாச்சி. ஆனால் என்ன களை என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

விதையால் பரவும் களைக்குப் பை உதவும். பை இல்லாத வண்டி முற்றிய பூந்தலைகளை அறுத்துப் பக்கவாட்டில் வீசிக்கொண்டே போகும். அப்புறம் விதைப்பதும் அதே வண்டிதான். பார்த்தீனியம் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை விடும். அதை மட்டும் பூக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு எடுக்கும்.

கோரைக்குப் பை வீண். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை வெட்ட வெட்டத் துளிர்க்கும். நெருஞ்சி தரையோடு படர்வதால் பிளேடுக்கே சிக்காது. முள்காய் டயரில் குத்தி ஓசியில் ஊர் சுற்றும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்புல்லை அறுத்தால் பைக்குப் போகும் குழாய் அடைத்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்து, பிளேடு முழுக்க நின்றபிறகுதான் உள்ளே கையை விட வேண்டும்.

களை விதை பிடிக்காத நாட்களில் பையைக் கழற்றிவிடுங்கள். நறுக்கிய புல் அங்கேயே மட்கினால் தழைச்சத்து மண்ணுக்குத் திரும்பும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள்; மொட்டையடித்த இடத்தில்தான் வெயில் பட்டுக் களை கிளம்பும்.

பையில் சேர்ந்ததை அப்படியே தென்னை மூட்டில் கொட்டினால் விதை அங்கே முளைக்கும். குவித்து, ஈரம் காட்டி, உள்ளே 55 முதல் 60 டிகிரி வரை சூடேறும்படி புரட்டிப் புரட்டி மட்கவைத்த பிறகு போடுங்கள்.