ஏசி கேஸ் தானா தீராது: வீட்டு ஏசி, ஹீட்டர் மாட்டுறது பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஏசியும் ஹீட்டரும் மாட்டின விதத்தைப் பத்தினதுதான். எந்த கம்பெனி நல்லதுன்னு கேட்டவங்க கம்மி, வாங்கி மாட்டின பிறகு அவஸ்தைப்படுறவங்கதான் ஜாஸ்தி. நான் இந்த வேலையில 22 வருஷமா இருக்கேன், சிலதுக்கு பதில் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

சார், ஸ்பிளிட் ஏசி மாட்டி எட்டே மாசத்துல கூலிங் போயிடுச்சு. வந்து பாத்தவர் கேஸ் தீந்துடுச்சுன்னு அடிச்சுட்டு போனாரு. மூணு மாசம் கூட ஆகல, மறுபடியும் அதே பிரச்சனை. வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் அடிக்கிறது சகஜம்தாங்கிறாரு, நிஜமா?

இல்லைங்க. ஏசி கேஸ் ஓட ஓட எரிஞ்சு தீர்ற பெட்ரோல் கிடையாது. கம்ப்ரஸர்ல கிளம்பி வெளி காயில், உள் காயில்னு சுத்தி திரும்ப கம்ப்ரஸருக்கே வந்துடும். குறையுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் அடிச்சா மூணு மாசம் கழிச்சு அவரை நீங்க திரும்பவும் கூப்பிடத்தான் போறீங்க.

புது ஏசில லீக்னா நான் முதல்ல பாக்குற இடம் ஃபிளேர் ஜாயின்ட். காப்பர் பைப்போட வாயை புனல் மாதிரி விரிச்சு நட்டு போட்டு முறுக்குற இடம் அது, இன்டோர்ல ரெண்டு, அவுட்டோர்ல ரெண்டு, மொத்தமே நாலுதான். இந்த நாலையும் ஒழுங்கா பண்ண எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது? ஆனா அவசரமெல்லாம் இங்கதான் வந்து விழுது. பைப்பை கட்டர்ல வெட்டினதும் உள்பக்கம் மெல்லிசா ஒரு பிசிறு நிக்கும், விரல் வெச்சா கீறும், அதை ரீமர் போட்டு எடுக்கணும், எடுக்கும்போது பைப் வாயை கீழ பாத்து பிடிக்கணும், இல்லாட்டி செம்புத்தூள் பைப்புக்குள்ளயே விழுந்து நேரா கம்ப்ரஸருக்குப் போகும். அப்புறம் நட்டை முதல்லயே பைப்ல கோத்துட்டு விரிக்கணும், விரிச்ச முகம் கண்ணாடி மாதிரி வழவழன்னு, சுத்தி ஒரே அகலமா இருக்கணும், ஒரு கீறல், ஒரு பக்கம் கோணல் இருந்தா கூட வெட்டி எறிஞ்சுட்டு புதுசா விரிக்கணும், ரெண்டு இன்ச் பைப் போகுதேன்னு பாக்கவே கூடாது. ஏசி ஆயில் ஒரு சொட்டு தடவி, முதல் மூணு நாலு மரை கையாலயே போகணும். கையால போகலைன்னா நட்டு கோணலா உக்காந்திருக்கு.

கடைசியாதான் ஸ்பேனர், அதுவும் ரெண்டு ஸ்பேனர், ஒண்ணு பிடிக்க ஒண்ணு முறுக்க. எவ்வளவு முறுக்கணும்கிறதுக்கு டார்க் ரென்ச்னே ஒரு டூல் இருக்கு, கால் இன்ச் பைப்புக்கு பொதுவா 14ல இருந்து 18 நியூட்டன் மீட்டர், 3/8 இன்ச் பைப்புக்கு 34ல இருந்து 42, உங்க மாடலோட புக்ல அதுக்கான நம்பர் இருக்கும். நம்ம ஆளுங்க நிறைய பேர் பலத்தைக் காட்டி முறுக்குறாங்க, அது பாதுகாப்புன்னு நினைக்கிறாங்க. ஒரு வீட்டுல மூணு தடவை கேஸ் அடிச்ச பிறகு என்னை கூப்பிட்டாங்க, டேப்பை பிரிச்சு சோப்பு நுரை போட்டேன், நுரை ஒண்ணும் பெருசா வரல, ரொம்ப நேரம் உத்துப் பாத்தப்ப கடுகு சைஸ்ல ஒரே ஒரு குமிழி, உடைஞ்சு மறுபடி வந்துச்சு. நட்டை கழட்டினா ஃபிளேர் முகத்துல தலைமுடி மாதிரி ஒரு விரிசல், முறுக்கி முறுக்கியே செம்பு மெலிஞ்சு பிளந்திருக்கு. ஒரு வருஷம் அந்த வீட்டுல தூக்கம் போனதுக்கு காரணம் அந்த முடி அளவு விரிசல்.

அதனால நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான்: "முதல்ல நைட்ரஜன் போட்டு லீக்கை கண்டுபிடிங்க, சரி பண்ணுங்க, பம்ப் வெச்சு பைப்பை காலியாக்கி வேக்கம் போடுங்க, அப்புறமா தராசுல எடை போட்டு கேஸ் ஏத்துங்க." எத்தனை கிராம்னு அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கர்லயே எழுதியிருக்கும். நைட்ரஜனுக்கு பதிலா யாராவது ஆக்சிஜன் சிலிண்டரை கொண்டு வந்தா உடனே நிறுத்துங்க, அழுத்தத்துல ஆக்சிஜனும் ஆயிலும் சேந்தா வெடிக்கும்.

மாட்ட வந்த தம்பிகிட்ட வேக்கம் பம்ப் இல்ல. "வெளி யூனிட்ல இருந்து கொஞ்சம் கேஸ் விட்டா பைப்ல இருக்கிற காத்து தானா வெளிய போயிடும், அது போதும்"னு சொல்லி அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டாரு. ஏசி நல்லாத்தான் ஓடுது. இதுல தப்பு இருக்கா?

இருக்கு. இன்னைக்கு நல்லா ஓடுறதுதான் இதுல பெரிய சங்கடமே, ஏன்னா மாட்டினவருக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு கம்ப்ரஸர் போகும்போது இந்த அஞ்சு நிமிஷம் யாருக்கும் ஞாபகம் வராது.

பைப்புக்குள்ள இருக்கிறது வெறும் காத்து மட்டும் இல்ல, ஈரமும் இருக்கு, செம்பு சுவத்துல ஒட்டிட்டு இருக்கும். கேஸ் விட்டு தள்ளினா காத்துல பெரும்பங்கு போகும், ஈரம் அங்கயே நிக்கும். இப்ப வர்ற ஆர் 32, ஆர் 410ஏ கேஸ் போட்ட மெஷின்கள்ல பெரும்பாலும் எஸ்டர் வகை ஆயில், அது ஸ்பான்ஜ் மாதிரி ஈரத்தை இழுக்கும், ஈரமும் சூடும் சேந்தா ஆயில் ஆசிட் ஆகும், ஆசிட் மோட்டார் வைண்டிங்கை அரிக்கும். ஈரம் கொஞ்சம் கூடுதலா இருந்தா எக்ஸ்பேன்ஷன் வால்வுல, அதாவது கேஸ் விரிஞ்சு குளிர்ற குறுகலான இடத்துல, ஐஸா உறைஞ்சு அடைச்சுக்கும், ஆஃப் பண்ணா உருகும், போட்டா மறுபடி அடைக்கும், மெக்கானிக் வந்து பாக்கும்போது மட்டும் ஒழுங்கா ஓடும்.

வேக்கம் பம்ப் பண்றது என்னன்னா, அழுத்தத்தை ரொம்ப கீழ இறக்கி அந்த ஈரத்தை சாதாரண சூட்டுலயே கொதிக்க வெச்சு ஆவியா இழுத்துடும். நம்ம சுத்தி இருக்கிற காத்தழுத்தம் 7,60,000 மைக்ரான் (வேக்கத்தை அளக்குற அழுத்த அளவு இது). 25 டிகிரி சூட்டுல தண்ணி கொதிக்கணும்னா சுமார் 24,000 மைக்ரானுக்கு கீழ போகணும். முழுசா காய்ஞ்சுதுன்னு நம்பணும்னா 500க்கு கீழ. இதை முள்ளு வெச்ச சாதா கேஜ்ல பாக்கவே முடியாது, 24,000ம் 500ம் அதுல கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்கும், அதுக்குத்தான் மைக்ரான் கேஜ்னு தனியா இருக்கு. 500க்கு கீழ வந்ததும் பம்ப்பை வால்வு வெச்சு பிரிச்சுட்டு பத்து நிமிஷம் சும்மா பாக்கணும். நம்பர் கொஞ்சம் ஏறி ஒரு இடத்துல நின்னுட்டா உள்ள இன்னும் ஈரம், இன்னும் இழுக்கணும். நிக்காம ஏறிட்டே போனா லீக். எனக்கு இந்த வேலையில ரொம்ப பிடிச்ச பத்து நிமிஷம் இதுதான், வேலை சரியா தப்பான்னு அந்த மீட்டரே நேர்மையா சொல்லிடும்.

இன்னொண்ணு, ஆர் 32 லேசா தீப்பிடிக்கிற கேஸ், சும்மா ரூம் பக்கம் திறந்து விடுற பொருள் இல்ல. நூறு வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைடை விட 675 மடங்கு பூமியை சூடாக்குற கேஸ் அது. அதோட ஃபேக்டரில கிராம் கணக்கா அளந்து அடைச்சதுல எவ்வளவு போச்சுன்னு இப்ப யாருக்கும் தெரியாது. உங்க மெஷினுக்கு இப்ப வழி, கேஸை தனி சிலிண்டர்ல திரும்ப எடுத்து (ரெக்கவரி), வேக்கம் போட்டு, எடை போட்டு திரும்ப ஏத்துறது. வாரண்டி இருக்கும்போதே எழுத்துல கேளுங்க.

ரூமுக்கு ஒரு டன் போதும்னு ஒருத்தர், ரெண்டு டன் போட்டா சீக்கிரம் குளிரும்னு ஒருத்தர். பெருசா வாங்கிடுறதுதானே நல்லது?

வேணாம் தம்பி. டன்னுங்கிறது மெஷினோட எடை இல்ல, ஒரு அமெரிக்க டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருக எடுத்துக்கிற சூடு, மணிக்கு 12,000 பிடியு (சூட்டை அளக்குற அளவு). பெரிய மெஷின் காத்தை சட்டுனு குளிர வெச்சுட்டு நின்னுடும், ஆனா ரூம்ல இருக்கிற ஈரத்தை எடுக்க காயில் தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓடணும், அந்த நேரம் கிடைக்காது. 22 டிகிரி காட்டும், ஆனா பிசுபிசுன்னு இருக்கும், நீங்க இன்னும் குறைப்பீங்க. ரூம் அளவு, வெயில் படுற சுவரு, ஜன்னல், கூரை, எத்தனை பேர் இருப்பாங்க எல்லாம் பாத்து ஹீட் லோட் கணக்கு போட்டு சொல்றவர்கிட்ட வாங்குங்க. வாசல்ல நின்னு பாத்துட்டே டன் சொல்றவரை நம்பாதீங்க.

இன்டோர் யூனிட்ல இருந்து சுவத்துல தண்ணி வழியுது, பெயின்ட் எல்லாம் உரிஞ்சுடுச்சு.

ரெண்டு காரணம்தான் அடிக்கடி பாத்திருக்கேன். ஒண்ணு, டிரெயின் பைப்புக்கு வாட்டம் இல்ல, நடுவுல மேல ஏறி இறங்குது, இல்ல முனை தண்ணிக்குள்ள முங்கியிருக்கு. சுவத்து ஓட்டையே வெளிப்பக்கமா கொஞ்சம் சரிவா போட்டிருக்கணும், யூனிட்டை ரசமட்டம் வெச்சு மாட்டியிருக்கணும். ரெண்டாவது, பைப்புக்கு இன்சுலேஷன் சரியில்ல. ஸ்பிளிட் ஏசில கேஸ் விரியுறது பெரும்பாலும் வெளி யூனிட்லயே நடக்குது, அதனால ரெண்டு பைப்பும் சில்லுன்னுதான் வரும், ரெண்டையும் தனித்தனியா மூடணும், ஜாயின்ட் உட்பட. ஒரு இன்ச் திறந்திருந்தாலும் அங்க வேர்த்து சொட்டும். அடுத்த தடவை மாட்டும்போது, கவர் மூடுறதுக்கு முன்னாடி டிரேல ஒரு பாட்டில் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, வெளிய முழுசா வருதான்னு உங்க கண்ணால பாருங்க.

நாங்க குளிர் அதிகமான ஊர்ல இருக்கோம், டக்ட், அதாவது ரூம் ரூமா காத்து கொண்டு போற குழாய் வெச்ச ஹீட் பம்ப் (தலைகீழா ஓடி வீட்டை சூடாக்குற ஏசி) போட்டிருக்கோம். ஹால் நல்லா சூடாகுது, கடைசி ரூமுக்கு வெறும் மூச்சுக் காத்து மாதிரிதான் வருது. வெளி யூனிட்ல அப்பப்ப புகை மாதிரி கிளம்புது, பயமா இருக்கு. மெஷினை மாத்திடவா?

மாத்தாதீங்கம்மா. புகை மாதிரி தெரியுறது நீராவி. குளிர்காலத்துல வெளி காயில்ல பனி படியும், மெஷின் கொஞ்ச நேரம் தலைகீழா ஓடி அதை உருக்கும், டிஃப்ராஸ்ட்னு பேரு. ஆனா அந்த தண்ணி போக வழி இருக்கா, யூனிட் தரையில இருந்து தூக்கி ஸ்டாண்டுல இருக்கான்னு பாருங்க, தரையோட வெச்சிருந்தா உருகின தண்ணி அடியிலயே உறைஞ்சு காயிலை நசுக்கிடும்.

கடைசி ரூம் பிரச்சனை டக்ட்லதான் இருக்கும், மெஷின்ல இல்லன்னு நினைக்கிறேன். கூரைக்கு அடியில இருக்கிற அட்டிக்ல ஏறி ஜாயின்ட் ஒவ்வொண்ணா கையை வெச்சு பாக்கச் சொல்லுங்க, சூடு காத்து கையில அடிக்கும். டக்ட் டேப்னு பேரு வெச்ச துணி டேப்தான் டக்டுக்கு ஆகாத டேப், 1998ல அமெரிக்காவோட லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் சோதிச்சப்ப அதுதான் காய்ஞ்சு பிரிஞ்சு மோசமா தோத்துச்சு. மாஸ்டிக் பேஸ்ட் பூசி அடைக்கணும். வளைஞ்சு நசுங்கின ஃபிளெக்ஸ் டக்ட் இருந்தா நேரா இழுத்து கட்டணும். அதே நாட்டு என்ஐஎஸ்டி நிறுவனம் 2014ல ஹீட் பம்ப் பத்தி வெளியிட்ட ஆய்வுல, மாட்டுறதுல நடக்குற தப்புங்களால வீட்டை சூடாக்க, குளிர வைக்க செலவாகுற எனர்ஜி 30 சதவீதம் வரைக்கும் கூடலாம்னு கணக்கு போட்டாங்க, அதுல டக்ட் லீக்குக்கு பெரிய பங்கு. நல்ல மெஷினை வாங்கியும் பில் குறையலன்னு எழுதின மத்த மூணு பேருக்கும் இதே பதில்தான்.

புதுசா கேஸ் ஃபர்னஸ், அதாவது கேஸை எரிச்சு வீட்டை சூடாக்குற ஹீட்டர், மாட்டினதுல இருந்து காலைல எந்திரிச்சா எல்லாருக்கும் தலைவலி, குமட்டல். வெளிய போயிட்டா சரியாயிடுது. ஹீட்டர் காத்து வறட்சியா இருக்கிறதாலயா? ஈரப்பதம் கூட்டுற மெஷின் வாங்கலாமா?

உங்க கடிதத்தைப் படிச்ச அன்னைக்கே உங்களுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன், இதே மாதிரி அறிகுறி இருக்கிற மத்தவங்களுக்காக இங்கயும் எழுதுறேன். வறட்சி இல்ல. வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணா தலைவலி வந்து, வெளிய போனா சரியாகுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்ல வாசனையும் இல்ல, மூக்கை நம்ப முடியாது. ஃபர்னஸ் புகைக்குழாய் ஜாயின்ட் விட்டிருக்கலாம், சரிவு தப்பா இருக்கலாம், எரியறதுக்கு வேண்டிய காத்துக்கு வழி வைக்காம அறையை மூடியிருக்கலாம், இதெல்லாம் மாட்டும்போது நடக்குற தப்புங்கதான். எல்லாரும் உடனே வெளிய வாங்க, யாராவது மயக்கமா இருந்தா ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, அவசர உதவிக்கு ஃபயர் சர்வீஸுக்கும் சொல்லுங்க, டாக்டர்கிட்ட மோனாக்சைடு சந்தேகம்னு வாயைத் திறந்து சொல்லுங்க, இல்லாட்டி ஃப்ளூன்னு மாத்திரை கொடுத்து அனுப்பிடலாம். மாட்டினவரே வந்து "நான் பாத்துட்டேன், சரியா இருக்கு"ன்னு சொன்னா போதாது, மீட்டர் வெச்சு புகையையும் ரூம் காத்தையும் அளந்து நம்பரை எழுதிக் கொடுக்கணும். அது கைக்கு வர்ற வரைக்கும் ஃபர்னஸை ஆன் பண்ணாதீங்க, படுக்கிற ரூம் பக்கத்துல ஒரு டிடெக்டர் மாட்டாம அந்த வீட்டுல தூங்காதீங்க.