லண்டனில் மேஜிக் தொழில்: புதிதாக வரும் தம்பிக்குப் பதில்

திருச்சிப் பக்கம் கல்யாண மண்டபங்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் மேஜிக் செய்துவரும் தம்பி ஒருவர், முதுகலை படிக்க லண்டன் வரவிருப்பதாகவும், படித்துக்கொண்டே வார இறுதிகளில் நிகழ்ச்சி நடத்திச் செலவைச் சமாளிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். வாடகை, குளிருடை, மளிகைக் கடை, வளர்க்கும் புறாக்களைக் கொண்டுவரும் வழி என்று வேறு கேள்விகளும் உண்டு. வாடகைக்கும் குளிருடைக்கும் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நம்மவர் கடைகள் நிறைந்த கிழக்கு லண்டன் பகுதியான ஈஸ்ட் ஹாமில் இறங்கி நடந்தால் மளிகைக் கடை தானே கண்ணில் படும். தொழிலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

தம்பி, மாணவர் விசாவில் இருப்பவர் இங்கே சுயதொழில் செய்யக் கூடாது. கலைநிகழ்ச்சி நடத்திச் சம்பாதிப்பதையும் விதிகள் தனியாகக் குறிப்பிட்டே தடுக்கின்றன. பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்று கேள்விப்பட்டுவிட்டு, அதில் மேஜிக்கும் அடங்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அடங்காது. “ரொக்கமாக வாங்கிக்கொள், யாருக்குத் தெரியப் போகிறது” என்று நம்மவர்களே சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர் தம் வசிப்புரிமையைப் பத்திரப்படுத்திக்கொண்டு சொல்கிறார். விசா பறிபோனால் விமானம் ஏற வேண்டியவர் நீங்கள். படிப்பை முடித்துப் பட்டதாரி விசாவுக்கு மாறியபின் சுயதொழிலுக்குத் தடையில்லை. அதுவரை கோவென்ட் கார்டன் சதுக்கத்துக்குப் போய், தெருக் கலைஞர்கள் அவசரமாகக் கடந்துபோகிற கூட்டத்தை எப்படி நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். எனக்குக் கிடைத்த சிறந்த பள்ளிக்கூடம் அதுதான்.

என் மனைவி செவிலியராக வந்தார். அவரைச் சார்ந்த விசா என்பதால் எனக்கு அந்தத் தடை இருக்கவில்லை. இருந்தும் முதல் குளிர்காலம் கடுமையாகவே கழிந்தது. கிழக்கு லண்டனில் நம்மவர் நடத்திய உணவகமொன்றில் சனிக்கிழமைதோறும் மேசை மேசையாகப் போய் வித்தை காட்டினேன். மாதக் கடைசியில் கணக்குக் கேட்டபோது, “சாப்பாடு போட்டோமே, உங்களுக்கும் இது விளம்பரம்தானே” என்று பதில் வந்தது. சமையற்காரரிடம் அந்த முதலாளி அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். கலைஞனுக்குக் கைதட்டல் போதும் என்ற எண்ணம் நம் சமூகத்தில் இன்னும் ஆழமாக இருக்கிறது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, புதிதாக வருகிற வித்தைக்காரர்கள் பெயர் கிடைக்கட்டும் என்று இலவசமாகவும் பாதி விலைக்கும் ஒப்புக்கொள்வது. ஒருவர் இறக்கிய விலையை மீண்டும் ஏற்ற, பின்னால் வருகிற எல்லோரும் பாடுபட வேண்டியிருக்கிறது.

இந்த ஊருக்கு நம் பக்கத்து வித்தைக்காரர்கள் வந்தது நேற்று இன்று அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரமோ சாமி என்பவர் பித்தளைப் பந்துகளைச் சுழற்றியும் வாளை விழுங்கியும் லண்டனையே வியக்க வைத்தார். 1850இல் அவர் இறந்தபோது, அடக்கம் செய்யக்கூடக் குடும்பத்திடம் பணம் இல்லை. புகழ் வேறு, கூலி வேறு என்று நான் வற்புறுத்தும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், முன்பணம், நிகழ்ச்சி தாமதமானால் என்ன, ரத்தானால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நம் விழாக்களுக்கு நேரம் பற்றிய நிபந்தனை மிக அவசியம்: அழைப்பிதழில் மாலை 6 மணி என்றிருக்கும், கேக் வெட்ட 9 ஆகும், அதன்பின் பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் குழந்தைகள் முன்னால் உங்களை நிற்க வைப்பார்கள். நம் நிகழ்ச்சியால் பிறருக்குக் காயமோ சேதமோ நேர்ந்தால் ஈடு தரும் பொதுப் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் பெரிய விடுதிகள் உள்ளே விடா. எக்விட்டி என்ற கலைஞர் சங்கத்தில் சேர்ந்தால் ஒரு கோடி பவுண்டு வரையிலான காப்பீடு உறுப்பினர் சலுகையாகவே கிடைக்கிறது. ஒரு வரி ஆண்டில் தொழில் வருமானம் 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் பதிவு செய்தாக வேண்டும்.

இங்கே தொழில்முறை மேஜிக் என்பது பெரும்பாலும் மேடை அல்ல. வெள்ளைக்காரர் திருமணத்தில் புகைப்படக்காரர் மணமக்களை அழைத்துக்கொண்டு போனபின், விருந்தினர்கள் கையில் கோப்பையுடன் செய்வதறியாமல் நிற்கும் நேரம் ஒன்று உண்டு. நமக்குச் சோறு போடுவது அந்த நேரம்தான். பின்னர் மேசைகளுக்குப் போகும்போது, உணவுத் தட்டு வந்துவிட்டால் ஒதுங்கிவிட வேண்டும். டிசம்பரில் நிறுவன விருந்துகள் குவியும். ஜனவரியில் தொலைபேசி ஒலிக்காது. அதனால் டிசம்பர் பணத்தை மார்ச் வரை நீட்டிச் செலவழிக்கப் பழக வேண்டும். மற்ற நாட்களில் பாதி நேரம் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதிலும், ரயில் நேரம் பார்ப்பதிலும், எண்ணெய்ப் பிசுக்கேறிய சீட்டுக்கட்டுகளைக் கழித்துவிட்டுப் புதியதைப் பழக்குவதிலும் போகும்.

ஊரில் யாரும் சொல்லித்தராத ஒன்று, குளிர் கைக்குச் செய்வது. வெளியே உறையும் காற்று, உள்ளே சூடேற்றிய அறை. விரல் நுனி வறண்டு வழவழப்பாகி, இரண்டு சீட்டாக எடுக்க வேண்டிய இடத்தில் மூன்று வரும், உள்ளங்கையில் நிற்க வேண்டிய காசு நழுவும். கிளம்புவதற்கு அரை மணி முன்பு கைக்களிம்பு தேய்த்து ஊறவிடுவேன். மண்டபத்து வாசலில் தேய்த்தால் சீட்டுகள் ஒட்டிக்கொள்ளும். பேச்சும் அப்படித்தான் மாற வேண்டியிருந்தது. பாட்டைப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் செய்த என் பழைய நிகழ்ச்சியை மூட்டை கட்டிவிட்டு, நான்கு பேர் மேசையில் அவர்கள் பெயரைக் கேட்டு, அந்தப் பெயர்களை வைத்தே பேசக் கற்றேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

யூஸ்டன் நிலையம் அருகே மேஜிக் சர்க்கிள் என்ற சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. 1905இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் சேர நேர்காணலும் தேர்வும் உண்டு. கொஞ்சம் காலூன்றியபின் முயலுங்கள்.

புறாக்களை ஊரிலேயே நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். இங்கிலாந்தில் உயிரினங்களைத் தொழில்முறையாகக் காட்சிக்குப் பயன்படுத்த, 2018 விதிகளின்படி உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். வாடகை அறையில் பறவை வளர்க்க வீட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார். அதற்குப் பதிலாக, கிண்ணங்களுக்கு அடியில் பந்துகளை மறையவும் தோன்றவும் வைக்கும் செப்பிடு வித்தைக்கான பழைய கிண்ணங்கள் உங்களிடம் இருந்தால், பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே சுற்றி எடுத்து வாருங்கள். அந்த வித்தையைத் தரையில் உட்கார்ந்து நம் முறையில் செய்பவர்களை இங்கே காண்பது அரிது. வந்த பிறகு அதற்கான கிண்ணங்களைத் தேடி வாங்குவதும் சிரமம்.