வீட்டோர மரத்துக்கு ஏன் இவ்வளவு கூலி? – கேள்வி பதில்

காரிமங்கலம் பக்கம் இருபத்தைந்து வருஷமாக மரம் வெட்டுகிறேன். வீட்டோரம், கிணற்றோரம், கரண்ட் கம்பியோரம் நிற்கிற வம்பு மரங்கள்தான் அதிகம். வந்த கேள்விகளில் சில இங்கே.

பாலக்கோட்டிலிருந்து: வீட்டுக்குப் பின்னால் பெரிய புளியமரம். வெட்ட ஒருவர் 9,000 கேட்கிறார், இன்னொருவர் 24,000. என் மாமனார் தோட்டத்தில் இதைவிடப் பெரிய மரத்துக்கு வியாபாரியே பணம் கொடுத்து வெட்டிப்போனார். இது என்ன நியாயம் அண்ணா?

உங்கள் மாமனார் மரத்துக்குப் படுக்க இடம் இருந்தது. அடியில் அறுத்தார்கள், விழுந்தது. உங்கள் மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்க வேண்டும். பச்சைப் புளி ஏறக்குறைய தண்ணீர் கனம் இருக்கும். இரண்டடி விட்டத்தில் மூன்றடித் துண்டு என்றால் 250 கிலோவுக்குக் குறையாது. அது இரண்டடி விழுந்து கயிற்றில் நின்றால் இழுப்பு அதைப்போலப் பல மடங்கு. மேலே ஒருவர், கீழே கயிறு பிடிக்க மூன்று பேர், இரண்டு நாள் வேலை.

இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை ஆள், எத்தனை நாள், ஓடு உடைந்தால் யார் பொறுப்பு, விறகு யாருக்கு, தூரையும் எடுப்பீர்களா? ‘அதெல்லாம் பாத்துக்கலாம்ங்க’ என்று பதில் வந்தால், உடையப்போகும் ஓட்டின் விலை அந்தக் கூலியில் சேரவில்லை. அப்புறம், புளி அடிமரத்தைக் கறிக்கடைக்காரர்கள் கட்டைக்கு வாங்குவார்கள். கூலியில் அதைக் கழிக்கச் சொல்லலாம், தப்பில்லை.

காவேரிப்பட்டணத்திலிருந்து: குருத்து சாய்ந்து பட்டுப்போன தென்னை. ஏறி வெட்ட ஆள் வர மறுக்கிறார். கூடுதலாகத் தருகிறேன் என்றும் கேட்கவில்லை.

மறுத்தவர் விவரமானவர். சிவப்புக் கூன்வண்டு தின்ற தென்னை வெளியே கம்பம் மாதிரி நிற்கும், உள்ளே கூழாக இருக்கும். எவ்வளவு கொடுத்தாலும் அதில் யாரையும் ஏற்றாதீர்கள். கிரேன்தான் வழி. குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்று வாடகை கேட்பார்கள். அதனால் பக்கத்து வீட்டிலும் வெட்ட மரம் இருக்கிறதா என்று விசாரித்து ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரூரிலிருந்து: கிளை கரண்ட் கம்பியைத் தொடுகிறது. தெரிந்தவர் பத்து நிமிஷம் ஃபியூஸ் பிடுங்கித் தருகிறேன் என்கிறார். போதுமா?

போதாது. பச்சைக் கிளையிலும் ஈரக் கயிற்றிலும் கரண்ட் பாயும். 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன் என்றால் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே தாவும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். லைனை நிறுத்தினால் மட்டும் போதாது, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த்தும் போட வேண்டும். எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் ஓடினால் செத்த கம்பியிலும் உயிர் வரும். அலுவலகத்துக்கு அலைகிற நாளுக்கும் சேர்த்துத்தான் நான் கூலி சொல்வேன்.

பென்னாகரத்திலிருந்து: புதிதாக மரம் அறுக்கும் மெஷின் வாங்கியிருக்கிறேன். நன்றாகச் சாய்ந்த வேம்பு ஒன்று. நானே அறுக்கலாமா அண்ணா?

தம்பி, முதல் மரமாக அது வேண்டாம். சாய்ந்த மரத்தின் முதுகுப்பக்கம், அதாவது சாய்வுக்கு எதிர்ப்பக்கம், நாண் ஏற்றிய வில் மாதிரி இழுபட்டு நிற்கும். முதுகிலிருந்து நேராக அறுத்தால் பாதியில் அடிமரம் நெடுகப் பிளந்து, பிளந்த துண்டு அறுப்பவர் மேலேயே எகிறும். எனக்கு இரண்டு பல் அப்படிப் போனது. தலை தப்பியது.

தெரிந்தவர்கள் சாய்வுப்பக்கம் சின்னதாக வாய் வெட்டிவிட்டு, நடுவில் மெஷின் வாளைக் குத்தி நுழைப்பார்கள். முதுகில் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் மிச்சம் வைத்து அதைக் கடைசியில் அறுப்பார்கள். ஆனால் குத்தும்போது வாள் நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்துக்கு வரும். எழுத்தில் படித்துக் கற்கிற வேலை இல்லை இது. ஒரு வருஷம் யாரிடமாவது கயிறு பிடியுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரம்.

உங்கள் நிலமே ஆனாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். பனைக்கும் கலெக்டர் அனுமதி வேண்டும்.

ஓசூரிலிருந்து: வெட்ட வந்தவர் விழுந்துவிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்வது?

விழுவதற்கு முன்னால் கேளுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 18 வயது முதல் 70 வரை, வங்கிக் கணக்கு இருந்தால் சேரலாம். என் ஆட்களுக்கு நானே கட்டுகிறேன். வருகிறவர் கட்டியிருக்கிறாரா என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.